பேசாத குழந்தையின் பக்கத்தில் உட்காருவது எப்படி?

கேள்வி:
அடுத்த வாரத்திலிருந்து ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் தன்னார்வலராகப் போகிறேன். பின்னணி விசாரிப்பு, பயிற்சி எல்லாம் முடிந்தது. வீட்டில் அடிபட்டு, சூடு வைக்கப்பட்டு வந்த பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். துணைக்கு உட்கார்ந்திருந்தால் போதும் என்கிறார்கள். எனக்குக் கதை சொல்ல வரும், ஆனால் அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டு, மனதில் இருப்பதைக் கொட்ட வைத்தால் பாரம் குறையாதா? நான் அழுதுவிட்டால்?

பதில் 1:
ஆறு வருடமாகப் போகிறேன். என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். டாக்டர், போலீஸ், சமூகப் பணியாளர் என்று ஏற்கெனவே பலர் கேட்டிருப்பார்கள், நீங்களும் கேட்டால் அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை அனுபவிக்கும்.

முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும். ஒரு சிறுமி மூன்று நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, அவளை எதுவும் கேட்காமல், என் பாட்டுக்கு ஒரு யானைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வந்து பச்சைக் க்ரேயானை என் பக்கம் தள்ளியது. யானை பச்சையாகிவிட்டது, அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான்.

தலையைத் தடவிக்கொடுக்க நமக்குக் கை பரபரக்கும். போர்வையைச் சரிசெய்ய ஒருமுறை சட்டென்று கையைத் தூக்கிவிட்டேன், அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அதிலிருந்து எதைத் தொடுவதற்கும் முன்னால் கேட்டுவிடுவேன். வேண்டாம் என்று தலையாட்டினால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். அந்தப் பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்லி ஒரு பெரியவர் நிறுத்தியது ஒருவேளை அதுதான் முதல் முறையாக இருக்கும்.

பதில் 2:
நான் வார்டில் நர்ஸ். பிள்ளை தானாகவே ஏதாவது சொன்னால் அமைதியாகக் கேளுங்கள், 'சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை' என்று சொல்லுங்கள், அப்புறம் அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி எங்களிடம் கொடுங்கள். 'அப்பாதானே அடித்தார்?' என்பது போல நாமே பதிலை எடுத்துக்கொடுத்தால் சின்னப் பிள்ளைகள் தலையாட்டிவிடும், பிறகு வழக்கில் அந்த வாக்குமூலமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். தனியாக ரகசியப் பரிசும் வேண்டாம், பரிசும் ரகசியமும் கொடுத்துத்தான் பலர் குழந்தைகளை வசப்படுத்துகிறார்கள். அடித்தவரைத் திட்டவும் வேண்டாம். அடித்த அம்மாவையே தேடி அழும் பிள்ளைகள் உண்டு, அந்தப் பாசம் பொய்யில்லை.

பதில் 3:
கைக்குழந்தைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவர்களுக்குத் தூக்கி வைத்துக்கொள்வதுதான் வேண்டும், நர்ஸிடம் கேட்டுவிட்டு. 1945-ல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் இரண்டு இடத்துக் குழந்தைகளை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று சிறையில் அம்மாக்களே வளர்த்த குழந்தைகள், இன்னொன்று சுத்தமும் சாப்பாடும் இருந்தும் தூக்க ஆளில்லாத அனாதை இல்லத்துக் குழந்தைகள். இல்லத்துக் குழந்தைகள் வளர்ச்சி குன்றினார்கள், பலர் இறந்தும் போனார்கள். சிறையில் இருந்தவை நன்றாக வளர்ந்தன. படித்த நாளிலிருந்து எனக்கு அது மறக்கவே இல்லை.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. கேட்கக்கூடாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அழுகை பற்றி?

பதில் 1:
கண் கலங்கினால் பரவாயில்லை, ஆனால் நம்மைத் தேற்றும் வேலை பிள்ளை தலையில் விழக்கூடாது. பொங்கி வந்தால் 'தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்' என்று சொல்லி வெளியே போங்கள், சொன்னபடி திரும்பி வாருங்கள். கிளம்பும்போதும் அப்படித்தான், தூங்கும் நேரம் பார்த்து நழுவாமல் சொல்லிவிட்டுப் போங்கள். வாரம் ஒரு நாள்தான் முடியும் என்றால் ஒரு நாள் என்றே சொல்லுங்கள், அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, செவ்வாய்க்கிழமை மட்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். க்ரேயான் நானே வாங்கிப் போகலாமா?

பதில் 2:
புது டப்பாவாக வாங்கி வந்து வார்டில் கொடுங்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைத்துவிடுவோம். துணிப் பொம்மை மட்டும் வேண்டாம், தொற்று பரவும். பச்சை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, இரண்டு மூன்று கூடுதலாக இருந்தால் நல்லது.