குளிர்காலத்தில் டிரவுட் ஃப்ளையைத் தொடுவதே இல்லை: எங்கே தவறுகிறேன்?

ஈரக்கால் கேட்டது:

வணக்கம். இலையுதிர்காலம் முடியும் வரை எனக்கு ஃப்ளை ஃபிஷிங்கில் (முள்ளில் நூல் சுற்றிப் பூச்சிபோலச் செய்த ‘ஃப்ளை’ என்னும் போலி இரையால் மீன்பிடிப்பதில்) ஓரளவு நன்றாகவே பழுப்பு டிரவுட் என்னும் குளிர்நீர் மீன் கிடைத்துக்கொண்டிருந்தது. நீர் வேகமாகச் சலசலத்து ஓடும் கல் நிறைந்த ஆற்றுப் பகுதிகளில் நிம்ஃபை (நீருக்குள் வாழும் இளம்பூச்சிபோலக் கட்டிய ஃப்ளையை) விட்டால், அரைமணி நேரத்துக்கு ஒரு மீனாவது கடித்துவிடும். குளிர் தொடங்கிய பிறகு அதே இடங்களில், அதே 14ஆம் எண் நிம்ஃபை வைத்துக்கொண்டு, ஆறு முறை விடியற்காலையிலேயே போய் நின்றேன். ஒரு கடிகூட இல்லை. எங்கள் ஆற்றில் குளிர்காலத்திலும் மீன்பிடிக்க அனுமதி உண்டு. மீன்கள் இடம் மாறிவிட்டனவா, அல்லது தின்பதையே நிறுத்திவிட்டனவா? முன்வசந்தம் வரை காத்திருப்பதுதான் வழியா?

மடுவோரம் எழுதியது:

மீன்கள் அங்கேதான் இருக்கின்றன, தின்னவும் செய்கின்றன. ஆனால் நீங்கள் நிற்கும் இடமும் நேரமும் இப்போது அவற்றுக்கு ஒத்துவராதவை. டிரவுட்டின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவது. நீர் 4 அல்லது 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும்போது அதன் செரிமானம் மிக மெதுவாகிவிடுவதால், வேகமான ஓட்டத்தை எதிர்த்து நின்று செலவழிக்கும் சக்தியை உணவு ஈடுகட்டாது. ஆகவே அது ஆழமான, மெதுவாக நகரும் மடுக்களுக்கு இறங்கி, தரையை ஒட்டிக் கிடக்கும். கோடையில் ஓர் இரைக்காக ஒரு மீட்டர் தள்ளி வரும் மீன், இப்போது ஒரு சாண் தூரம்கூட நகர யோசிக்கும். ஃப்ளை அதன் வாய்க்கு நேராக வந்தாக வேண்டும்.

இதற்குத் தக்கையைச் சரியாகக் கட்டுவதுதான் பாதி வேலை. ஃப்ளையிலிருந்து நீரின் ஆழத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரத்தில், தூண்டில் நரம்பில் தக்கையைக் கட்டி, ஃப்ளைக்கு ஒரு சாண் மேலே சிறிய ஈயக்குண்டு ஒன்றைச் சேருங்கள். பிறகு தக்கையைப் பார்ப்பதைவிட, அதன் பக்கத்தில் மிதந்து போகும் நுரைக் குமிழைப் பாருங்கள். தரையை ஒட்டிய நீர் மேற்பரப்பு நீரைவிட மெதுவாக ஓடுவதால், ஃப்ளை சரியான ஆழத்தில் போகும்போது தக்கை குமிழுக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். குமிழோடு சேர்ந்தோ அதை முந்தியோ ஓடினால், உங்கள் ஃப்ளை மீனின் தலைக்கு மேலே எங்கோ பறந்துகொண்டிருக்கிறது என்று பொருள், ஈயத்தைக் கூட்டுங்கள். குளிர்காலக் கடி தக்கையை உள்ளே இழுக்காது. தக்கை ஒரு நொடி தயங்கினாலே கோலை உயர்த்திவிட வேண்டும்.

முள்ளின் எண் கூடக்கூட அதன் அளவு சிறிதாகும்; உங்கள் 14ஆம் எண்ணும் இந்தப் பருவத்துக்குப் பெரிது. ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள்: அதன் அடியில், வண்டல் படிந்த பக்கத்தில், சிவப்பு நூல் துணுக்குபோல நெளியும், மிட்ஜ் என்னும் கொசுபோன்ற சிறு பூச்சியின் புழுக்கள் தென்படும். குளிர்காலம் முழுவதும் கிடைக்கும் இரை பெரும்பாலும் அதுதான். 18 முதல் 22 வரையிலான முள்ளில் சிவப்பாகவோ கறுப்பாகவோ மெல்லியதாகச் சுற்றிய ஃப்ளையும், அதைக் கட்ட மெல்லிய 6 எக்ஸ் நுனி நரம்பும் போதும். விடியற்காலையை விட்டுவிட்டு, முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை முயலுங்கள்.

பனியுருகல் எழுதியது:

மேலே சொன்னவற்றில் நேரக் கணக்கை மட்டும் நான் முழுமையாக ஏற்கமாட்டேன். கடுங்குளிரில் அது சரி. முன்வசந்தத்தில் அதுவே நம்மை ஏமாற்றும். மலையில் பனி கிடக்கும் ஆறாக இருந்தால், வெயில் நன்றாக ஏறிய பிற்பகலில்தான் உருகிய பனிநீர் வந்து சேர்ந்து, நீரைக் கலக்கி, வெப்பத்தையும் இறக்கிவிடும். கரையில் நமக்கு இதமாக இருக்கும் அதே வேளையில் மீன் வாயை மூடிக்கொள்ளும். எனவே கையில் ஒரு வெப்பமானியை வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். 3 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு ஏறிக்கொண்டிருக்கும் நீர், 7 டிகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் நீரைவிட நல்ல வேட்டை தரும் என்பது என் பல ஆண்டு அனுபவம்.

வாய்ப்பிருந்தால் பெரிய அணைக்குக் கீழே உள்ள ஆற்றுப்பகுதிக்குப் போங்கள். நீர் 4 டிகிரியில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும் என்பதால், மேலே பனிக்கட்டி படர்ந்த அணையிலும் அடிநீர் ஏறக்குறைய அந்த வெப்பத்திலேயே நிற்கும். அடிமதகு வழியாக அது வெளியேறும் இடத்தில் ஆறு உறைவதில்லை. ஊற்றுநீரால் ஓடும் ஓடைகள் அதைவிடவும் மேல்.

முன்வசந்தத்தில் மேகம் மூடிய, தூறலான நாளைத் தவறவிடாதீர்கள். அத்தகைய நாட்களில்தான் ப்ளூ விங்டு ஆலிவ் எனப்படும் சிறிய மேஃப்ளை பூச்சிகள் நீரைவிட்டு எழும். ஈரக் காற்றில் அவற்றின் இறகு உலர நேரமாவதால் நீரின் மேலேயே நெடுநேரம் மிதந்து போகும். மாதக்கணக்கில் தரையில் கிடந்த டிரவுட், அன்று மேலே வந்து வாய் திறப்பதைக் காணலாம்.

கூழாங்கல் எழுதியது:

மீன்பிடிக்கும் வழியை இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் மீனின் பக்கம் நின்று இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். பழுப்பு டிரவுட் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் முட்டையிடுவது. பெட்டை மீன் வாலால் சரளையைப் பறித்துக் குழி செய்து, முட்டைகளை அதற்குள் இட்டு மூடிவிடும். பாசி படிந்த ஆற்றுத் தரையில், கழுவிவிட்டதுபோல வெளிறிய வட்டமோ நீள்வட்டமோ தெரிந்தால் அது முட்டைக்குழி. முட்டைகளும் பொரித்த குஞ்சுகளும் வசந்தம் வரை அந்தச் சரளைக்குள்தான் இருக்கும். ஒரு காலடி பட்டால் எத்தனையோ உயிர்கள் நசுங்கிவிடும். நீங்கள் குறிப்பிட்ட கல்லாற்றுப் பகுதிகள்தான் அவை முட்டையிட விரும்பும் இடங்கள் என்பதால், அங்கே நீரில் இறங்காமலேயே இருப்பது நல்லது.

இரண்டாவது, விடுவிக்கப்போகும் மீனைக் கடுங்குளிரில் நீரைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது செவுளின் மெல்லிய இழைகள் நொடிகளில் உறையத் தொடங்கும். கைவலையை நீருக்குள்ளேயே வைத்து, மீசை (நுனியை ஒட்டிய எதிர்க்கொக்கி) இல்லாத முள்ளைக் கழற்றி, அப்படியே விட்டுவிடுங்கள்.

ஈரக்கால் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று நண்பகலில் மடுவுக்குப் போனேன். நீர் 4 டிகிரி. ஈயக்குண்டை மூன்றாவது முறை கூட்டிய பிறகுதான் தக்கை நுரைக்குப் பின்தங்கியது. இரண்டு முறை தயங்கி நின்றதைக் கல் என்று எண்ணி விட்டுவிட்டேன். மூன்றாவது தயக்கத்தில் கோலை உயர்த்தியபோது, கையளவுப் பழுப்பு டிரவுட் ஒன்று இருந்தது. வலைக்குள்ளேயே முள்ளைக் கழற்றினேன். திரும்பும் வழியில் வெளிறிய சரளைத் திட்டுகள் நான்கைக் கண்டேன்; கடந்த மாதம் முழுவதும் நான் அவற்றின் குறுக்கேதான் நடந்து போயிருக்கிறேன் என்பது மனத்தை உறுத்துகிறது. கோலின் வளையங்களில் பனி உறைந்து நரம்பு சிக்கியதற்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள்.

மடுவோரம் எழுதியது:

வளையங்களைக் கையால் தட்டி உடைக்காதீர்கள். கோலின் நுனி முறிந்துவிடும். நுனியைச் சில நொடிகள் நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தால் பனி தானாகக் கரையும். நரம்பை அடிக்கடி இழுத்து விடாமல் ஒரே நீளத்தில் வைத்து வீசினால், வளையங்களில் ஈரம் சேர்வதும் குறையும்.