கேலிபரேஷனுக்குத் தமிழ்ச்சொல்: ‘அளவுத்திருத்தம்’ ஏன் போதாது?

தருமபுரி, இயற்பியல் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு உணரிச் செய்முறைத் தாள்களைத் தமிழில் எழுதும் வேலை நடக்கிறது. அர்டுயினோ என்ற சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையில் டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரியை இணைத்து, அளவுகளைக் கணினியில் அட்டவணையாக எடுப்பது முதல் செய்முறை. சென்சாருக்கு உணரி, டேட்டாவுக்குத் தரவு என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு வெர்னியர் அளவி பாடத்திலேயே மீச்சிற்றளவும் (கருவி அளக்கும் மிகச் சிறிய அளவு) சுழிப்பிழையும் (சுழி காட்ட வேண்டிய இடத்தில் வரும் பிழை) வந்துவிடுகின்றன. தாள் தடுக்கி நிற்பது ‘கேலிபரேஷன்’, அதாவது கருவி காட்டும் எண்ணைத் தெரிந்த அளவோடு ஒத்துப் பார்ப்பது என்ற இடத்தில்.

‘அளவுத்திருத்தம்’ என்று பலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைப் படிக்கும் பிள்ளை, ‘எண் தப்பாக இருக்கிறது, திருத்து’ என்று புரிந்துகொள்ளும். பனிக்கட்டியில் உணரி 0.5 காட்டினால் அதை அழித்துவிட்டு 0 என்று எழுதும். பதிவான தரவில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்திலேயே சொல் அதற்கு வழிகாட்டிவிடுகிறது. ‘அளவுகோடிடல்’ என்பது கண்ணாடி வெப்பமானியில் கோடு கிழிப்பதற்குச் சரி. இந்த உணரியில் கோடே கிடையாது.

தெரிந்த ஒன்றோடு ஒத்துப் பார்ப்பதுதான் இங்கே நடக்கிறது என்பதால் ‘ஒப்பளவிடல்’ என்று வைக்கலாமா? ஒப்பளவிட்ட உணரி, ஒப்பளவுக் கோடு என்று மற்ற வடிவங்களும் எளிதாக வருகின்றன.

ஓசூர், தொழிற்சாலை அளவியல் பிரிவு:

வணக்கம் ஐயா. ‘திருத்தம்’ வேண்டாம் என்பதை முழுமையாக ஏற்கிறேன். அளவியலுக்கான பன்னாட்டுச் சொற்தொகுதியும் இவற்றைத் தனித்தனியாகவே வரையறுக்கிறது: படித்தரத்தோடு (மதிப்பு உறுதியாகத் தெரிந்த அளவோடு) ஒப்பிட்டு உறவைக் காண்பது ஒரு வேலை, கருவியைத் திருகிச் சரிசெய்வது வேறொரு வேலை. இங்கே பட்டறையில் மைக்ரோமீட்டரை ஸ்லிப் கேஜோடு (தடிமன் துல்லியமாகத் தெரிந்த கட்டையோடு) வைத்துப் பார்த்து, எவ்வளவு கூடக் குறைய என்று சான்றிதழில் எழுதி, ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். பல நேரம் கருவியைத் தொடுவதே இல்லை. ஆகவே மூன்று சொல் வேண்டும். ஒப்பிடுவதற்கு நீங்கள் தேடும் சொல், கணக்கில் செய்யும் மாற்றத்துக்குத் ‘திருத்தம்’, கருவியில் செய்வதற்குச் ‘சரிசெய்தல்’.

தாளின் வரைவில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. பனிக்கட்டிக்கு அடுத்து ஒத்துப் பார்க்கும் இரண்டாம் புள்ளியாகக் கொதிநீரை வைத்து, எதிரே 100 என்று அச்சடித்திருக்கிறீர்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். தருமபுரியில் 98.5 அளவில் கொதிக்கும்.

இதனால் எவ்வளவு மாறும் என்று பாருங்கள். ஓசூரில் ஓர் உணரி பனிக்கட்டியில் 0.5, கொதிநீரில் 97.9 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்புள்ளியை 97 என்று எடுத்தால், உணரி 40.0 காட்டும்போது உண்மை வெப்பநிலை (40.0 − 0.5) × 97 ÷ 97.4, அதாவது 39.34. தாளில் உள்ளபடி 100 என்று எடுத்தால் 40.55 வரும். எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் பிழை 0.7 டிகிரி, ‘திருத்திய’ பிறகு 1.2 டிகிரி.

இன்னொன்று. டிஎஸ்18பி20-க்கு ±0.5 டிகிரி உறுதி −10 முதல் 85 வரைதான். அதற்கு மேல் ±2 டிகிரி வரை போகலாம். கொதிநீரை விட்டுவிட்டு, நம்பகமான ஆய்வக வெப்பமானியை உணரியோடு சேர்த்துக் கட்டி, 60 டிகிரி வெந்நீரில் இரண்டாம் புள்ளியை எடுப்பதே நல்லது.

பென்னாகரம், வேதியியல் ஆசிரியை:

வணக்கம். ‘ஒப்பளவு’ எனக்குச் சரியாகப் படவில்லை. பாடநூலில் ஒப்படர்த்தி, ஒப்பு ஈரப்பதம் என்று வரும் இடங்களில் முன்னால் நிற்கும் ‘ஒப்பு’ சார்பளவைக் குறிக்கிறது. ஒப்பளவு என்றதும் ‘இன்னொன்றைப்போல் எத்தனை மடங்கு’ என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

சொல் எதுவானாலும் நம் மாவட்டங்களில் அது தண்ணீர்ச் செய்முறைக்கும் பொருந்த வேண்டும். ஃபுளூரைடுதான் இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த வேதியியல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்பு) மீட்டரை விட்டு, எண் பெரிதாக வந்தால் ஃபுளூரைடு கூடுதல் என்று எழுதும் செய்முறை அறிக்கைகள் நிறைய. அந்த மீட்டர் அளப்பது மின்கடத்துதிறனை மட்டும். அதை 0.5 அல்லது 0.7 ஆல் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1000 மைக்ரோ சீமென்ஸ் உள்ள தண்ணீரை ஒரு மீட்டர் 500 என்றும் இன்னொன்று 700 என்றும் சொல்லும், இரண்டிலும் பழுதில்லை. லிட்டருக்கு 800 மில்லிகிராம் உப்புக்கு நடுவே 1.5 மில்லிகிராம் ஃபுளூரைடு அதில் தெரியவே தெரியாது. எவ்வளவு நுணுக்கமாகக் கேலிபரேஷன் செய்தாலும், அளக்காத பொருளைக் கருவி காட்டாது. இந்த வரி தாளில் பெரிய எழுத்தில் வர வேண்டும்.

ஃபுளூரைடுக்கு சிர்கோனியம்–அலிசரின் நிறமாற்ற முறை பள்ளிக்கு ஒத்துவரும்; ஃபுளூரைடு கூடக் கூட வினைப்பொருளின் சிவப்பு வெளிறும். சோடியம் ஃபுளூரைடு 0.221 கிராமை ஒரு லிட்டர் வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளூரைடு உள்ள மூலக்கரைசல். அதில் 5, 10, 15 மில்லிலிட்டரைத் தனித்தனியாக எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 0.5, 1.0, 1.5 மில்லிகிராம் கிடைக்கும், வெறும் வாலைவடிநீர் 0. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீர் கிடைக்காதபோது மட்டும் 1.5 வரை. மூலக்கரைசல் நஞ்சு, வினைப்பொருளில் அமிலம் இருக்கிறது. இரண்டையும் ஆசிரியர்தான் கையாள வேண்டும். கண்ணாடிப் புட்டியில் சேர்த்து வைக்க வேண்டாம், பிளாஸ்டிக் புட்டி போதும்.

வினைப்பொருள் சேர்த்த நான்கு கரைசல்களையும் மாதிரி நீரையும் வெள்ளைத்தாள் முன்னே வரிசையாக நிறுத்தி, ஒரே படமாகக் கைபேசியில் எடுக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக எடுத்தால் கேமரா ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தையும் வெண்மையையும் தானாக மாற்றிவிடும். பிறகு படத்தில் நிறத்தைக் குறிக்கும் எண்ணுக்கும் செறிவுக்கும் போடும் கோடு கோணிக்கொண்டு போகும். மாதிரியின் நிறம் 1.5-ஐத் தாண்டிவிட்டால் கோட்டை நீட்டிப் படிக்கக் கூடாது. வாலைவடிநீர் சேர்த்துப் பாதியாக நீர்த்துப்போகச் செய்து, விடையை இரட்டிக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி, தமிழாசிரியர்:

அம்மா சொன்ன குழப்பம் உண்மையானது. ‘ஒப்பு’ முன்னால் நிற்பதுதான் சிக்கல்; பின்னால் வையுங்கள். அளவு, ஒப்பு சேர்ந்து ‘அளவொப்பு’; கதவு, அருகு சேர்ந்து கதவருகு ஆவதுபோல. அளவை ஒத்துப் பார்ப்பது என்று பொருள் நேராக விழுகிறது. வினை ‘அளவொப்பிடு’. எதிர்மறையும் இடறாமல் வருகிறது: ‘அளவொப்பிடாத உணரி’. வினையாகவும் எச்சமாகவும் புழங்காத கலைச்சொல் அகராதியைத் தாண்டி வெளியே வராது.

தருமபுரி, இயற்பியல் ஆசிரியர்:

அளவொப்பு நன்றாக இருக்கிறது. முதல் தாளை அதை வைத்தே மாற்றி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி டம்ளர் நிறையப் போடவும். இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் வாலைவடிநீர் ஊற்றவும். தண்ணீரில் நான்கு கட்டி மிதந்தால் அடியில் 3, 4 டிகிரி இருக்கும். அது சுழிப்புள்ளி ஆகாது. உணரி அடியையும் சுவரையும் தொடாமல் தொங்க வேண்டும். கலக்கிக்கொண்டே இருந்து, எண் ஒரு நிமிடம் மாறாமல் நின்ற பிறகு பத்து அளவுகள் எடுக்கவும். அடுத்து 60 டிகிரி வெந்நீரில் ஆய்வக வெப்பமானியோடு சேர்த்து அளவொப்பிடவும். உணரி காட்டியது, அளவொப்புக்குப் பின் கிடைத்தது என இரண்டும் தனித்தனி நிரல்களில் இருக்க வேண்டும். முதல் நிரலை அழிக்கக் கூடாது.”

இதற்கு முன்னால் இன்னொரு பத்தியும் தேவைப்பட்டது. கணினியில் −127 வந்தால் கம்பி விட்டுப்போயிருக்கிறது, அல்லது தரவுக் கம்பிக்கும் மின்வழங்கிக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் மின்தடை இல்லை. திடீரென 85 வந்தால் உணரி அளந்து முடிக்கும் முன்பே எண்ணைப் படித்திருக்கிறோம். மிக நுணுக்கமான 12 பிட் அமைப்பில் அதற்கு 750 மில்லி விநாடி வரை ஆகும். ஒன்பது முறை 28-உம் ஒருமுறை 85-உம் வந்தால் சராசரி 33.7, அதைப் பார்த்து உணரியைக் குறை சொல்லக் கூடாது. இவற்றைக் ‘கோளாறு எண்’ என்று தனியே குறித்து, அளவொப்பில் சேர்க்காமல் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஓசூர் ஐயா சொன்ன ஸ்டிக்கரையும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வோர் உணரிக் கம்பியிலும் அளவொப்பிட்ட தேதி, சுழியில் காட்டிய எண், 60-இல் காட்டிய எண் மூன்றும் எழுதி ஒட்ட வேண்டும். தண்ணீர்ச் செய்முறைத் தாளின் வரைவைப் பென்னாகரம் அம்மா அனுப்பினால், ‘அளவொப்புக் கரைசல்’ என்ற சொல்லை அங்கேயும் ஒன்றுபோல் போட்டுவிடலாம்.