கடைசி 70 கி.மீ.: ஹைவேயா, மலையா? அவசரம்

பெடல்பாதி · இரவு 9.12
நாலு நாளா சைக்கிள் ஓட்டிட்டு இருக்கேன், நாளைக்கு முடிக்கணும். ரெண்டு வழி இருக்கு. ஏ: ஹைவே, 72 கி.மீ. பி: நடுவுல மலை, 58 கி.மீ. எதுல போகலாம்? போன்ல சார்ஜ் கம்மி, சீக்கிரம் சொல்லுங்க.

மேடுபள்ளம் · 9.20
தூரம் மட்டும் சொன்னா எப்படி ப்ரோ? ரெண்டுலயும் மொத்த ஏற்றம் எவ்வளவு, லக்கேஜ் எவ்வளவு, பின்னாடி பெரிய பல்சக்கரம் எத்தனை பல், எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க, எப்போ இருட்டும்?

எதிர்காத்து · 9.24
இதெல்லாம் அப்புறம். காத்து எந்தப் பக்கம்? நாலாம் நாள் காலுக்கு மேட்டை விட எதிர்காத்துதான் எமன். மேடு ஒரு இடத்துல முடியும், காத்து முடியாது.

பழையசெயின் · 9.31
தேடல் பெட்டின்னு ஒண்ணு மேலே இருக்கு, இதே கேள்வி அதுல நிறையக் கிடைக்கும். முதல்ல இது ப்ரெவேயா (குறிச்ச வழியில, நேரக் கெடுவுக்குள்ள முடிக்கிற நெடுந்தூர ஓட்டம்), சொந்த டூரான்னே சொல்லல. ப்ரெவேன்னா வழியை நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. கன்ட்ரோல்ங்கற சோதனை இடம் ஒண்ணு தவறினா 600 கி.மீ.யை 40 மணி நேரத்துக்குள்ள முடிச்சாலும் கணக்குல வராது.

பெடல்பாதி · 9.40
சொந்த டூர்தான். ஏ-ல 180 மீட்டர் ஏற்றம், பி-ல 640. பேக் 14 கிலோ. பல்சக்கரம் முன்னாடி 50/34 பல், பின்னாடி 11-28 பல். மதியம் 2 மணிக்குக் கிளம்புவேன், 6.15க்கு இருட்டிடும். காத்து மேற்குல இருந்து 20 கி.மீ.ன்னு ஆப் காட்டுது. நான் போறதும் மேற்கே.

மேடுபள்ளம் · 9.58
இப்பத்தான் கணக்கு போட முடியும். உங்க எடை தெரியாது, சைக்கிள் பேக் எல்லாம் சேர்த்து 95 கிலோன்னு வெச்சுக்கறேன். களைச்ச காலு பெடல்ல தர்ற சக்தி 120 வாட்.

காத்து இல்லைன்னா சமதளத்துல 24 கி.மீ. வேகம் வரும். ஏ-க்கு மூணு மணி நேரமும் கொஞ்சமும். பி-ல அந்த மேடு 12 கி.மீ., சராசரி 5%ன்னு எடுத்தா மணிக்கு 8 கி.மீ.தான், ஒன்றரை மணி நேரம் அங்கேயே போயிடும். இறக்கம் 20 நிமிஷம், மீதி 34 கி.மீ.க்கு 85 நிமிஷம். கூட்டினா 3.15. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான், 14 கி.மீ. மிச்சத்தை மலை தின்னுடுது.

ஆப் காட்டுற காத்து 10 மீட்டர் உயரத்துக்கானது. உங்க உயரத்துல 12-13 தான் படும். அதுக்கே வேகம் 18க்கு இறங்கும், ஏ நாலு மணி நேரம் ஆயிடும். பி-லயும் சமதளம் அடி வாங்கும், ஆனா மேட்டுல 8 கி.மீ. வேகத்துல காத்து அவ்வளவா தெரியாது.

எதிர்காத்து · 10.02
அப்பவே சொன்னேன். பி.

மேடுபள்ளம் · 10.06
இருங்க. முன்னாடி 34, பின்னாடி 28 கியர்ல 5% மேட்டுல பெடல் நிமிஷத்துக்கு 52 சுத்து. 9% வந்தா 31 சுத்துதான், அது முட்டியைப் பிழியும். சராசரி 5ன்னாலும் நடுவுல ஒரு கி.மீ. 9 இருக்கலாம். செங்குத்தான கி.மீ. எது, எவ்வளவுன்னு பாருங்க.

சுழல்வேகம் · 10.11
ஏறுறதுல விட்ட நேரத்தை இறக்கத்துல எடுத்துடலாமே?

மேடுபள்ளம் · 10.15
எடுக்க முடியாது. 10 கி.மீ. மேடு 8ல 75 நிமிஷம், அதே 10 இறக்கம் 40ல 15 நிமிஷம். 20 கி.மீ.க்கு 90 நிமிஷம். சமதளத்துல 50.

சுழல்வேகம் · 10.17
40 யாரு ஓட்டுவா? 60 போகலாம்.

மேடுபள்ளம் · 10.19
60ல போனாலும் மிச்சம் 5 நிமிஷம். அதுக்காக 14 கிலோ பேக்கோட, கை மரத்துப் போன நாலாம் நாள் வளைவுல பிரேக் பிடிக்கணுமா?

பழையசெயின் · 10.26
640 மீட்டர்ங்கற எண்ணையே யாரும் சந்தேகப்படல. செயற்கைக்கோள் உயரத் தரவு 30 மீட்டர் கட்டம் கட்டமா எடுத்தது. குறுகலான மலைச்சாலையில பக்கத்துச் சரிவோட உயரத்தைச் சாலை மேல ஏத்திடும், பாலம் சுரங்கம் வந்தா பொய் மேடு முளைக்கும். அதே வழியை ரெண்டு ஆப்ல போட்டுப் பாருங்க, எண் ஒத்துப்போகாது. இந்த அடிப்படை கூடத் தெரியாம வாட் கணக்கு.

மேடுபள்ளம் · 10.29
சரிங்க சார். 560ஆ இருந்தாலும் முட்டிக்கு அதே 9%தான்.

கல்லும்முள்ளும் · 10.41
ரெண்டுல ஒண்ணுதான்னு யார் சொன்னது? ஹைவேக்குப் பக்கத்துலயே ஊருக்குள்ள போற பழைய ரோடு இருக்கான்னு மேப்புல பாருங்க. 4-5 கி.மீ. கூடும், ஆனா வீடும் மரமும் காத்தை உடைக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல சாலை மேற்பரப்பு குறிச்சிருக்கான்னு பாருங்க. குறிப்பே இல்லைன்னா ஸ்ட்ராவா ஹீட்மேப்ல (நிறையப் பேர் ஓட்டின ரோடு பளிச்சிடுற மேப்) கோடு பளிச்சுன்னு தெரியுதான்னு பாருங்க.

மேற்கே போறீங்க, 5 மணிக்கு மேல பின்னாடி வர்ற டிரைவர் கண்ணுல நேரா சூரியன். ஹைவேல அந்த நேரத்துல இருக்காதீங்க. பின் லைட்டைப் பகல்லயே போடுங்க.

ஹைவே ஓரத்துல வெடிச்ச லாரி டயரோட மெல்லிய கம்பி கிடக்கும். பஞ்சரானா டியூப் மாத்துறதுக்கு முன்னாடி டயருக்குள்ள விரலை விடாம, துணியை வெச்சு ஒரு சுத்து இழுங்க. கம்பி நூல்ல மாட்டும். அந்த அரை நிமிஷத்தை விட்டா அடுத்த டியூபும் போகும்.

மேடுபள்ளம் · 10.50
இது நல்ல யோசனை. முடிவை இப்பவே எடுக்காதீங்க, வழி பிரியற இடத்துல எடுங்க. அங்கே நடு கியர்ல 75 சுத்து வலியில்லாம வந்து, மணி மூணு தாண்டலைன்னா மலை. இல்லைன்னா பழைய ரோடு. அதுல எங்க வேணா நிறுத்தலாம், மலையில பாதி ஏறிட்டா வேற வழி கிடையாது.

சுழல்வேகம் · 11.05
டயர் என்ன சைஸ்? 28 மி.மீ.ன்னா பின்னாடி 80, முன்னாடி 65 பிஎஸ்ஐ போதும்.

பழையசெயின் · 11.08
அகலம் கேட்காம பிரஷரா. ரிம் உள் அகலம் மாறினா டயர் அகலமே மாறும்.

சுழல்வேகம் · 11.10
அதைத்தானே அண்ணே முதல் வார்த்தையிலேயே கேட்டேன்.

பெடல்பாதி · மறுநாள் இரவு 7.34
பழைய ரோடு. 6.20 ஆச்சு. பிரியற இடத்துலயே முட்டி சொல்லிடுச்சு. ஒரு பஞ்சர், கம்பிதான், துணியில மாட்டுச்சு. நன்றி.

சுழல்வேகம் · 7.41
டயர் சைஸ்?