நம்ம குடும்பம் குரூப்: வயசான எலி மூளையில ஆர்என்ஏ

நிலா: சித்தி, 3 மாச எலியையும் 24 மாச எலியையும் வச்சு மூளையில எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு (ஜீன் வெளிப்பாடு) பாக்கப் போறோம். முழு மூளையையும் அரைச்சு ஆர்என்ஏ (ஜீன் வேலை செய்யறப்ப உண்டாகிற நகல்) எடுத்தா போதுமா?

கவிதா சித்தி: போதாதும்மா. மூளை முழுக்க ஒரே சீரா மூப்படையறதில்ல. 2025ல அமெரிக்காவுல மூளை ஆராய்ச்சி பண்ற ஆலன் நிறுவனத்துக்காரங்க 2 மாச, 18 மாச எலிகள்ல சுமார் 12 லட்சம் செல்லைத் தனித்தனியா பாத்தாங்க. மாற்றம் குவிஞ்சிருந்த ஒரு இடம் ஹைபோதலாமஸ் (பசி, ஹார்மோனைக் கட்டுப்படுத்தற மூளைப் பகுதி), அங்க மூணாவது வென்ட்ரிக்கிளை (மூளைக்குள்ள திரவம் நிறைஞ்ச அறை) ஒட்டின டானிசைட், எபென்டிமல்ங்கிற சுவர் செல் எல்லாம். மொத்தமா அரைச்சா அது கரைஞ்சு காணாம போயிடும்.

செந்தில் அண்ணா: அறுக்கிற நேரமும் முக்கியம் நிலா. பெர்2, பிமால்1 மாதிரி ஜீனெல்லாம் பகல்-இரவு தாளத்துல ஏறி இறங்கும். இளசைக் காலையில, வயசானதைச் சாயங்காலம் எடுத்தா நீ பாக்கிறது மூப்பு இல்ல, கடிகாரம். ஒண்ணு இளசு, ஒண்ணு வயசானதுன்னு மாத்தி மாத்தி எடு. ஆர்என்ஏ பிரிக்கிறப்பவும் அதே மாதிரி மாத்தி மாத்தி எடு.

நிலா: சரிண்ணா. ஹிப்போகேம்பஸ் (ஞாபகத்துக்கான மூளைப் பகுதி) எடுத்ததும் என்சைம் போட்டு செல்லைப் பிரிச்சிடவா?

கவிதா சித்தி: 37 டிகிரியில என்சைம் வேலை செய்யறதுக்குள்ளேயே ஃபாஸ், ஜுன்ங்கிற தூண்டல் ஜீன் எகிறிடும், மைக்ரோக்ளியாவும் (மூளையோட காவல் செல்) முழிச்சுக்கும். அப்புறம் எது வயசால வந்தது, எது நம்ம கையால வந்ததுன்னு பிரிக்கவே முடியாது. உடனே திரவ நைட்ரஜன்ல உறைய வச்சு, ஐஸ் மேல நியூக்ளியஸை (செல்லோட உட்கரு) மட்டும் பிரி. மைக்ரோக்ளியாவோட சில ஜீன் அதுல குறைவாத்தான் தெரியும், அதை மனசுல வச்சுக்கோ.

பெரியப்பா: மனுஷ மூளையிலயும் இப்படித்தானா?

கவிதா சித்தி: பெரிய போக்கு ஒத்துப்போகுது மாமா. 2004ல 26லருந்து 106 வயசு வரைக்கும் 30 பேரோட மூளையில முன்மடல் புறணியை (நெத்திக்குப் பின்னாடி இருக்கிற வெளி அடுக்கு) பாத்தாங்க. 40 தாண்டினதும் சினாப்ஸ் (நியூரான்கள் சேதி பரிமாறிக்கிற இணைப்பு) சம்பந்தப்பட்ட ஜீன் பல இறங்குது, டிஎன்ஏ பழுது பாக்கிற ஜீன் ஏறுது.

செந்தில் அண்ணா: நிலா, வயசான எலியில ஜிஎஃப்ஏபி (ஆஸ்ட்ரோசைட்ங்கிற துணை செல்லோட ஜீன்), சி4பி (நோய் எதிர்ப்பு ஜீன்) ரெண்டும் ஏறியிருக்கணும். ஏறலன்னா முதல்ல டியூப் லேபிளைப் பாரு.

நிலா: ஏறினா, ஆஸ்ட்ரோசைட் கூடிச்சா, இல்ல ஒவ்வொரு செல்லும் அந்த ஆர்என்ஏவை அதிகம் உண்டாக்குதான்னு எப்படிச் சொல்றது?

செந்தில் அண்ணா: மூளை வெட்டுத்துண்டுல ப்ரோப் (அந்த ஆர்என்ஏல ஒட்டி ஒளிர்ற குறி) போட்டு செல் செல்லா எண்ணணும். ஆனா வயசான நியூரான்ல லிப்போஃபஸ்கின் (வயசோட சேர்ற கழிவு நிறமி) தானாவே ஒளிரும், பச்சையிலயும் சிவப்புலயும் சிக்னல் மாதிரியே தெரியும். வயசான எலியிலிருந்தே ப்ரோப் போடாத ஸ்லைடு ஒண்ணு கூட வை. அதுல ஒளிர்றதை எண்ணிக்கையில சேர்க்காதே.