குடும்பமே உலகம்னு வாழ்ந்த அப்பாவ பத்தி எப்படி எழுதுறது?

கடைக்குட்டி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா போயி ரெண்டு மாசம் ஆகுது, 74 வயசு. அவர பத்தி சின்னதா ஒரு புத்தகம் போட்டு பேரப்புள்ளைங்க கைல குடுக்கணும்னு வீட்ல எல்லாரும் சேந்து முடிவு பண்ணி, எழுதுற பொறுப்ப என்கிட்ட குடுத்துட்டாங்க. நானும் ஆசையாத்தான் ஒத்துக்கிட்டேன். ஆனா உக்காந்தா "அன்பானவர், பொறுப்பானவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" இதுக்கு மேல பேனா நகர மாட்டேங்குது. யார கேட்டாலும் "தங்கமான மனுஷன்"னு சொல்லிட்டு கண்ண தொடச்சிக்கிறாங்க, அவ்வளவுதான். அவரு பெரிய பதவில இருந்ததில்ல, மேடை ஏறினதில்ல, 33 வருஷம் ஒரே ஆபீஸ், வேல முடிஞ்சா நேரா வீடு. அந்த வாழ்க்கைல எழுத எவ்வளவோ இருக்குன்னு எனக்கு நல்லா தெரியுது, எங்க புடிச்சு ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல.

அவரோட வரவு செலவு நோட்டு 11 கெடச்சிருக்கு. ஒவ்வொரு மாசமும் ஒரு பக்கம், அதுல எங்க மூணு பேர் பேருக்கும் அம்மா பேருக்கும் தனித்தனியா கோடு போட்டு கணக்கு. அவரு பேருக்கு மட்டும் கோடே இல்ல. கடைசில "இதர"ன்னு ஒரு இடம், செருப்பு தைச்சது, சட்டைக்கு பட்டன், ஷேவிங் பிளேடு எல்லாம் அதுலதான் இருக்கு. நான் அஞ்சாவது படிச்ச வருஷ நோட்டுல அந்த "இதர"ல "கண்ணாடி"ன்னு எழுதி அடிச்சு பக்கத்துல "அடுத்த மாசம்"னு போட்டிருக்காரு. அடுத்த மாசமும் அதே. நாலு மாசம் அப்படியே போயி அஞ்சாவது மாசம்தான் அடிக்காம தொகை எழுதியிருக்கு. அத பாத்துட்டு ரொம்ப நேரம் நோட்ட மூடவே முடியல. இதெல்லாம் புத்தகத்துல போடலாமா, இல்ல வீட்டு கணக்க வெளில காட்டுற மாதிரி ஆயிடுமா? இந்த மாதிரி எழுதினவங்க இருந்தா சொல்லுங்க.

மூத்தவள்:

தம்பியா தங்கச்சியா தெரியல, முதல்ல மனச தேத்திக்கோங்க. அந்த நோட்டு கண்டிப்பா வரணும், என்னைய கேட்டா முதல் பக்கமே அதுதான். எங்கப்பாவுக்கு நான் இத செஞ்சேன், முடிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. நான் செஞ்ச தப்ப சொல்றேன், நீங்க செய்யாதீங்க. எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு கேட்டேன். பெரியண்ணன் ஒரு சம்பவம் சொன்னாரு, மத்தவங்க எல்லாம் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டாங்க, அதையே எழுதியும் வச்சிட்டேன். அப்புறம் சித்தி தனியா போன்ல பேசும்போது வேற மாதிரி சொல்றாங்க, நடந்த இடம் கூட வேற. ஒருத்தர் சொல்றத காது குடுத்து கேட்டுட்டா நம்ம ஞாபகமே அதுக்கு தகுந்த மாதிரி மாறிடலாம், இத உளவியல் ஆராய்ச்சி பண்றவங்க ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க. அதனால ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா பேசுங்க. ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும் எழுதுங்க.

"அப்பா எப்படிப்பட்டவரு"ன்னு கேட்டா தங்கமானவருன்னுதான் பதில் வரும். "வீட்டுக்குள்ள நொழஞ்சதும் முதல்ல எங்க போவாரு, கைல என்ன இருக்கும், யார் பேர சொல்லி கூப்பிடுவாரு" இப்படி கேளுங்க, ஒருத்தர் வாய் தொறந்தா நிறுத்த மாட்டாங்க. பழைய போட்டோ ஒண்ண கைல குடுத்துட்டு கேட்டா இன்னும் நல்லா வரும். அப்புறம் வயசானவங்களுக்கு பொதுவா 10லேருந்து 30 வயசுக்குள்ள நடந்ததுதான் நல்லா ஞாபகம் இருக்கும், அதனால அம்மாகிட்ட கல்யாணம் ஆன புதுசுலேருந்து ஆரம்பிங்க, போன வருஷத்த பத்தி ஆரம்பிச்சா ஆஸ்பத்திரி பேச்சுலயே நின்னுடும்.

பழைய ரேடியோ:

எழுதுறத பத்தி மத்தவங்க சொல்லுவாங்க, நான் ஒரு அவசரமான விஷயம் சொல்றேன். அப்பாவோட போன இன்னிக்கே எடுத்து சார்ஜ் போட்டு வைங்க. வாட்ஸ்அப்ல அவரு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் உங்க எல்லார் போன்லயும் இருக்கும், ஆண்ட்ராய்டுல "வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்"னு தனி ஃபோல்டர்லயே கெடக்கும், ஓபஸ்னு ஒரு வகை ஆடியோ ஃபைலா இருக்கும், அத அப்படியே காப்பி பண்ணி கம்ப்யூட்டர்ல ஒண்ணு, பென்டிரைவ்ல ஒண்ணு, வேற ஒருத்தர் வீட்ல ஒண்ணுன்னு மூணு இடத்துல வைங்க. வாட்ஸ்அப் அக்கவுண்ட் 120 நாள் யாரும் தொடாம இருந்தா பொதுவா அழிச்சிடுவாங்க, உங்களுக்கு ரெண்டு மாசம் ஏற்கனவே போயிடுச்சு. கூகுள் அக்கவுண்ட் ரெண்டு வருஷம் யாரும் உள்ள போகலன்னா போட்டோவோட சேத்து அழிக்கலாம்னு விதி இருக்கு. நம்பரையும் ரீசார்ஜ் பண்ணி உயிரோட வைங்க. எங்க மாமா நம்பர நாங்க கவனிக்காம விட்டுட்டோம், கம்பெனிக்காரன் வேற யாருக்கோ குடுத்துட்டான், ஒருநாள் அத்தை பழக்கதோஷத்துல அந்த நம்பருக்கு போட்டு வேற ஒரு ஆள் எடுத்து "யாருங்க"ன்னு கேட்டதும் அவங்க அழுத அழுக எனக்கு இன்னும் காதுல இருக்கு.

போட்டோ ஸ்கேன் பண்ணும்போது 600 டிபிஐ (இஞ்சுக்கு 600 புள்ளி) வைங்க, நாலுக்கு ஆறு இஞ்ச் படம் 2400க்கு 3600 பிக்சல் வரும், பெருசா பிரிண்ட் போட்டாலும் தாங்கும். லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, பண்ணா திரும்ப பிரிக்க முடியாது. பின்னாடி பேர் எழுதணும்னா மெதுவா பென்சில்ல எழுதுங்க, பால்பாயிண்ட் பேனா அழுத்தினா முன்பக்கம் தடம் விழும். அந்த 11 நோட்டையும் பக்கம் பக்கமா எடுத்து வைங்க, அவரு கையெழுத்து அது.

வடக்கு வாசல்:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாவ சாமியாக்கிடாதீங்க. எங்கப்பாவும் குடும்பம் குடும்பம்னே இருந்தவருதான், ஆனா சட்டுன்னு கோவம் வரும், கத்திட்டு அரைமணி நேரத்துல வந்து என் சைக்கிளுக்கு காத்தடிச்சு வச்சிட்டு போவாரு, மன்னிப்புன்னு வாயால ஒருநாளும் கேட்டதில்ல. கோவத்த எடுத்துட்டா அந்த காத்தடிச்சதுக்கு என்ன அர்த்தம்? அவரு ஆசப்பட்டு விட்டது என்னென்ன, நமக்காக எந்த சிநேகிதங்கள தொலைச்சாரு, அதையும் கேட்டு எழுதுங்க. வேலைக்கு போன இடத்துல கூட இருந்தவங்கள தேடி பேசுங்க, வீட்டுக்கு தெரியாத அப்பா ஒருத்தரு அவங்ககிட்ட இருப்பாரு.

ஆறு வயசு:

நான் இங்க அதிகம் எழுதுறதில்ல, படிச்சிட்டு போயிடுவேன். இதுக்கு எழுதாம போக மனசு வரல. எனக்கு ஆறு வயசுல அப்பா தவறிட்டாரு. நல்லவரு, எங்க மேல உசுரையே வச்சிருந்தாருன்னு நாப்பது வருஷமா எல்லாரும் சொல்றாங்க, சந்தோஷந்தான், ஆனா எனக்கு தெரிய வேண்டியது அது இல்ல. அவரு எப்படி தும்முவாரு, சிரிக்கும்போது சத்தம் வருமா வராதா, தூக்கத்துல என் பக்கம் திரும்பி படுப்பாரா, கை சொரசொரன்னு இருக்குமா. எனக்கு ஞாபகம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு, தோள்ல தூக்கி வச்சிருக்கும்போது அவரு காத புடிச்சிக்குவேன், காது சூடா இருக்கும். அது நெசமா நடந்ததா நானா நெனச்சிக்கிட்டதான்னு கூட இப்ப சந்தேகம், கேக்க ஆள் இல்ல. உங்க வீட்டு பேரப்புள்ளைங்கள்ல சின்னது ஒண்ணு இருந்தா அதுக்காக இந்த மாதிரி எழுதுங்க. உயரம், செருப்பு சைஸ், கண்ணாடி பவர் எல்லாம் எழுதுங்க.

கடைக்குட்டி:

ஒவ்வொருத்தருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஆறு வயசு அண்ணா, நீங்க எழுதினத அக்காவுக்கு வாசிச்சு காட்டினேன், அவ கைக்குழந்தைய தூக்கிட்டு உள்ள போயிட்டா, கொஞ்ச நேரம் கழிச்சு வந்து "அப்பா மூணு தடவ தும்முவாரு, நாலாவது வராம மூக்க புடிச்சிக்குவாரு, எழுதிக்கோ"ன்னா. அதுதான் எங்க புத்தகத்துல முதல் வரி இப்போதைக்கு. வாய்ஸ் மெசேஜ் 212 எடுத்தாச்சு, பாதிக்கு மேல "சாப்டியா, வந்துட்டியா" தான்.

நேத்து ராத்திரி அம்மாகிட்ட தனியா உக்காந்தேன். நோட்ட காட்டி, பாருங்கம்மா ஒரு கண்ணாடி வாங்க அவருக்கு அஞ்சு மாசம் ஆயிருக்குன்னேன். அம்மா அந்த பக்கத்த கிட்ட கொண்டு போயி பாத்தாங்க, வெரல வச்சு தடவினாங்க. "அந்த மாசம் வாங்கினது எனக்குடா. ஊசில நூல் கோக்க நான் தடுமாறுறத பாத்துட்டு கூட்டிட்டு போயிட்டாரு. என் கோட்டுல எழுதினா நான் வேணாம்னு சண்ட போடுவேன்னு இதரல எழுதியிருக்காரு போல. அவரு பழசையேதான் நூல் சுத்தி போட்டுக்கிட்டாரு"ன்னாங்க.

அந்த பழைய கண்ணாடி அலமாரில இருக்கு. பவர் என்னன்னு நாளைக்கு கடைல குடுத்து பாத்து எழுதிக்கிறேன்.