‘ஹோம்பவுண்ட்’ பார்த்துவிட்டு “நல்லவேளை, நம்ம ஊர்ல இப்படி இல்ல” என்று சொல்லிவிட முடியுமா?

ஏழாம்மாடி (சனி, இரவு 11.40)

கதையின் முடிவும் இதில் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்று சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீட்டில் தோழிகள் ஐந்து பேர் உட்கார்ந்து நெட்ஃபிளிக்ஸில் பார்த்தோம். நீரஜ் கெய்வானின் படம். 2025இல் கான் விழாவுக்குப் போனது, ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியதும் இதைத்தான். வட இந்தியக் கிராமத்து நண்பர்கள் இருவர்: சந்தன் தலித், ஷோயப் முஸ்லிம். காக்கிச் சட்டை ஏறிவிட்டால் பெயரைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இருவரும் போலிஸ் தேர்வு எழுதுகிறார்கள். ஒருவன் தேறுகிறான், மற்றவனுக்குக் கிடைக்கவில்லை. தேறியவனுக்கும் வேலை உத்தரவு வந்து சேராமல் இழுத்தடிக்கிறது. கடைசியில் சூரத்தில் துணி ஆலை, ஊரடங்கு, நெடுஞ்சாலை, மரணம். பஷாரத் பீர் 2020இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய உண்மை நிகழ்வுதான் இதற்கு அடிப்படை.

எல்லாரும் அந்த நெடுஞ்சாலைக் காட்சியைத்தான் பேசுகிறார்கள். என்னை உலுக்கியது அதற்கு முன்பே வந்துவிட்டது. விண்ணப்பப் படிவத்தில் சந்தன் இடஒதுக்கீட்டுப் பிரிவைக் குறிக்காமல் பொதுப்பிரிவைக் குறிக்கிறான். தனக்கு உரிமையானதைக் கேட்டு வாங்கவே கூசுகிறது. முழுப்பெயரைச் சொல்லவும் தயக்கம். வெளியே இருக்கும் அவமதிப்பு அவனுக்கு உள்ளேயும் குடிவந்துவிட்டது. அந்தப் பக்கம் ஷோயப் வேலை செய்யும் அலுவலகத்தில் அவன் தண்ணீர் பாட்டிலை நிரப்பக்கூடாது என்கிறார் ஒருவர். இப்படி வெளியே அடிபட்டு வருகிற இருவரும், தேர்வு முடிவு வந்த பிறகு ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். பாகுபாடு நட்புக்குள் நுழைவது இந்த வழியாகத்தான் என்று எனக்குப் பட்டது.

படம் முடிந்ததும் ஒரு தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லவேளை, நம்ம ஊர்ல இப்படி இல்ல” என்றாள். நான் பேசவில்லை. இரண்டு மாதம் முன்பு இதே தோழி தன் தம்பிக்கு ஒரு பெண்ணைப் பற்றி என்னிடம் விசாரித்தபோது முதலில் கேட்டது, “அவங்க என்ன ஆளுங்க?”

அப்போதும் நான் பேசவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தேக்காக்காரன் (ஞாயிறு, காலை 7.15)

வணக்கம் தங்கச்சி. படம் நல்ல படம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே ஒட்டுவதை நான் ஏற்கவில்லை.

என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அதையொட்டி இங்கே எழுந்த அலையில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு பத்திரிகை. தாத்தா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே முரசைப் படிக்கத்தான். பெயருக்குப் பின்னால் இருந்த சாதி வாலை அவரே வெட்டினார். 1952இல் சாரங்கபாணி தமிழர் திருநாள் தொடங்கியதும் சாதி, மதம் பார்க்காமல் தமிழர் என்று ஒரே பந்தலில் உட்காரத்தான். அந்தத் தலைமுறை ரத்தத்தைச் சுண்டவைத்துச் செய்த வேலை இது.

என் மகனுக்கு வயது 24. எங்கள் சாதி என்னவென்று அவனுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது. தெரியாமலே போகட்டும். நீங்கள் சொல்வதுபோல் பேசிப் பேசியே அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவோம். இரண்டு தலைமுறை பூட்டி வைத்த கதவை நாமே திறப்பானேன்?

படத்தில் வருவது வடநாட்டு நிலைமை. அதைப் பார்த்து அழலாம். நம் மேல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வெண்பா2 (ஞாயிறு, காலை 10.02)

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். படத்தின் மேலேயே எனக்குக் கோபம் இருக்கிறது.

ஏன் ஒவ்வொரு தடவையும் தலித் சாக வேண்டும்? இன்னொருவனின் நல்ல மனத்தை நாம் பார்த்து உருக, இவன் மடியில் கிடந்து உயிரை விட வேண்டுமா? நிஜத்தில் நடந்தது என்பது எனக்குத் தெரியும். இயக்குநரே தன்னைத் தலித் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர் என்பதும் தெரியும். இருந்தாலும், எந்த நிஜத்தைப் படமாக்குவது என்பது ஒரு தேர்வுதானே. உயிரோடு இருந்து, சண்டை போட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி சண்டை போடும் நட்பைக் காட்டியிருந்தால் பார்க்கிறவர்களுக்கு இவ்வளவு நிம்மதியாக அழ வராது.

எனக்குப் பிடித்தது சகோதரி பேசும் காட்சி மட்டும்தான். படிக்கலாமா, வேலைக்குப் போகலாமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே வீட்டில் சந்தனுக்குத்தான் கிடைத்தது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். ஒதுக்கப்பட்டவனுக்குக் கீழேயும் ஒருத்தி இருக்கிறாள். அந்த இடத்தில் படம் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

அண்ணா, உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் மகனுக்குத் தெரியாது சரி. அவனுக்குப் பெண் பார்க்கும்போது உங்கள் உறவுக்காரர்களுக்கும் தெரியாமல் இருக்குமா?

ஏழாம்மாடி (ஞாயிறு, பிற்பகல் 1.30)

வெண்பா, சாவைப் பற்றி நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. ஆனால் சந்தனின் அம்மாவை விட்டுவிட்டீர்களே. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்க அவருக்கு வேலை கிடைக்கிறது. அவர் கைச் சோற்றைத் தங்கள் பிள்ளைகள் தின்னக்கூடாது என்று மேல்சாதிப் பெற்றோர் எதிர்க்கிறார்கள், வேலை போகிறது. அந்தக் காட்சியில் யாரும் சாகவில்லை. எனக்கு நிம்மதியாக அழவும் வரவில்லை.

தேக்கா அண்ணே, உங்கள் தாத்தாவை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அவர் பெயரின் வாலை வெட்டியது ஊரறிய. சொல்லி, சண்டை போட்டு வெட்டினார். நாம் செய்வது பேசாமல் இருப்பது. இரண்டும் ஒன்றா? “வடநாடு” என்கிறீர்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்து கிடந்ததே, அது புதுக்கோட்டை மாவட்டம். இங்கே தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஞாயிற்றுக்கிழமை நமக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனையோ பேருக்குச் சொந்த மாவட்டம்.

சாரக்கட்டு (ஞாயிறு, இரவு 9.48)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போவேன். அக்கா புதுக்கோட்டைன்னு எழுதுனதால எழுதுறேன். நான் அந்தப் பக்கம்தான். 2017ல வந்தேன், சாரம் கட்டுற வேலை.

எங்க ரூம்ல பன்னெண்டு பேரு. எனக்கு மேல் கட்டில்ல படுத்தவன் பக்கத்து ஊருக்காரன். அவன் வேற ஆளுங்க, நான் காலனி. வந்த மொத வாரமே எந்தத் தெருன்னு கேட்டான், சொன்னேன். ரெண்டு நாள் சரியாப் பேசல. அப்புறம் சைட்ல ஒண்ணா வேலை, லாரியில பக்கத்துப் பக்கத்துல உட்காந்து வர்றது, அப்படியே பழகிட்டோம். கேட்டரிங் சாப்பாடு வாய்ல வைக்க முடியாதுன்னு சனிக்கிழமை நான் கறிக்கொழம்பு வெப்பேன். ஒரே தட்டுல சாப்பிடுவோம்.

2020 ஏப்ரல்ல நாங்க தங்குற டாமை, அதான் ஊழியர் விடுதிய, மூடுனாங்க. ரூமை விட்டு வெளிய போக முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்துருச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ரெண்டு ராத்திரி அவன் தூங்கல. துண்டை நனைச்சு நனைச்சு நெத்தியில போட்டான். தள்ளிப் படுடா, ஒனக்கும் ஒட்டிக்கும்னு சொன்னேன், கேக்கல. அப்புறம் என்னை எக்ஸ்போ ஹால்ல இருந்த கோவிட் முகாமுக்குக் கொண்டு போயிட்டாங்க, அவனுக்கும் பாசிட்டிவ் ஆயிருச்சு. படத்துல ரோட்டோரத்துல மடியில போட்டுக்கிட்டு உட்காந்திருக்கானே, அங்கயே போனை ஆஃப் பண்ணிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் பாத்தேன்.

2023ல லீவுல ஊருக்குப் போயிருந்தப்ப அவன் தங்கச்சி கல்யாணம். பத்திரிகை வெச்சான், போனேன். வீட்டு வாசல்லயே பிளாஸ்டிக் சேர் போட்டு உட்காரச் சொன்னாங்க. உள்ள எல்லாரும் எவர்சில்வர் டம்ளர்ல காப்பி குடிக்கிறாங்க. எனக்குப் பேப்பர் கப்புல வந்துச்சு. அதைக் கொண்டாந்து குடுத்தது அவன். சித்தப்பாவோ, வேலைக்காரரோ குடுத்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. என் நெத்தியில துணி போட்ட அதே கை. என் மூஞ்சியைப் பாக்கல. நானும் பாக்கல. குடிச்சுட்டு மொய் எழுதிட்டு வந்துட்டேன்.

வெண்பா அக்கா, நீங்க கேட்டீங்கல்ல, சாகாம இருக்கிற நட்பு எப்படி இருக்கும்னு. இப்படித்தான் இருக்கு.

தேக்காக்காரன் (திங்கள், காலை 6.50)

தம்பி, படித்துவிட்டு ராத்திரி நெடுநேரம் தூக்கம் வரவில்லை. உங்களை வாசலில் உட்கார வைத்தவர்களுக்காக நான் மன்னிப்புக் கேட்க முடியாது, ஆனால் கேட்கத் தோன்றுகிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன், தவறாக எடுக்காதீர்கள். உங்கள் கதை என் பக்கத்தைத்தானே சொல்கிறது? இங்கே ஒரே தட்டு. அங்கே பேப்பர் கப். மனிதன் அதே மனிதன்தான். மண் மாறியதும் அவனும் மாறினான். இந்த ஊர் உங்கள் இருவரையும் ஒரு தட்டில் உட்கார வைத்தது. 2020ஐயும் அப்படித்தான் பார்க்கிறேன். அங்கே மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து நள்ளிரவில் நாட்டையே மூடினார்கள், ஜனங்கள் நடந்தே செத்தார்கள். இங்கே விடுதிக்குச் சாப்பாடு வந்தது, மருத்துவர் வந்தார். குறை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யாரும் நெடுஞ்சாலையில் கிடக்கவில்லை.

சாரக்கட்டு (திங்கள், இரவு 10.15)

அண்ணே, தப்பா எடுக்கல. சாப்பாடு வந்துச்சு, டாக்டர் வந்தாரு, சம்பளமும் வந்துச்சு. அந்த நன்றி எனக்கு இருக்கு. ஊர்ல என் மச்சான் திருப்பூர்லேருந்து நடந்தே வீட்டுக்கு வந்தான், அதனால வித்தியாசம் தெரியும்.

ஆனா ஒரே தட்டுக்குக் காரணம் மண்ணு இல்லண்ணே. ரூம்ல மத்த பத்துப் பேரும் வேற வேற மாவட்டம், ரெண்டு பேரு பங்களாதேஷ். பாக்கிறதுக்கு அவன் ஊர்க்காரன் ஒருத்தனும் இல்ல. 2019ல அவன் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வேற டாம்லேருந்து ஞாயித்துக்கிழமை வருவான். அவன் வர்ற அன்னிக்கு மட்டும் இவன் தனித் தட்டு எடுப்பான். நானும் கேக்க மாட்டேன். கல்யாணத்துல நடந்தது புதுசா நடந்தது இல்ல, எனக்கு மொதல்லயே தெரிஞ்சதுதான்.

வெண்பா2 (திங்கள், இரவு 11.05)

அண்ணா, இந்தத் தனித் தட்டு சிங்கப்பூரில் எடுத்த தட்டு. அதை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

“யாரும் நெடுஞ்சாலையில் கிடக்கவில்லை” என்றீர்கள். உண்மை. ஆனால் 2020 டிசம்பரில் சுகாதார அமைச்சு சொன்ன கணக்கு: விடுதிகளில் இருந்த 3,23,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. ஒரு அறையில் அத்தனை பேரை வைத்தோம், வந்தது. நமக்கு 2020 ஜூன் மாதமே கதவு திறந்தது. அவர்கள் வெளியே போக அனுமதி கேட்கும் முறை 2022 ஜூன் வரை தொடர்ந்தது. அதற்கப்புறமும் ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் தேக்காவுக்கு வர அனுமதி எடுக்க வேண்டும் என்றார்கள். உங்கள் பெயரிலேயே தேக்கா இருக்கிறது அண்ணா. அங்கே போக நீங்கள் யாரிடமாவது அனுமதி கேட்டதுண்டா?

2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் ஊழியர் விடுதி வரக்கூடாது என்று குடியிருப்பாளர்கள் மனு எழுதினார்கள். நாம் வாடகை வீடு தேடிப் போன் செய்யும்போது “இந்தியர் வேண்டாம்” என்றால் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான். எனக்கே மூன்று தடவை நடந்திருக்கிறது. அதே நாம் பேருந்தில் ஊழியர் ஒருவர் வேர்வையோடு பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து நிற்கிறோம். நான் நின்றிருக்கிறேன். தொடக்கக் கல்லூரி நாட்களில், சீருடையோடு. அவர் தமிழர். என்னைப் பார்த்துத் தங்கச்சி என்று புன்னகைத்துவிட்டு இடம் விட்டவர்.

தேக்காக்காரன் (செவ்வாய், காலை 7.30)

படித்தேன். இரண்டு தடவை.

தனித் தட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. அதை இந்த ஊருக்கு வெளியே தள்ளிவிட என்னால் முடியவில்லை.

வெண்பா முதலில் கேட்ட கேள்வியைத் தாண்டிப் போனேன், அதற்கும் சொல்லிவிடுகிறேன். உறவுக்காரர்களுக்குத் தெரியும். போன வருடம் என் அக்கா மகனுக்கு ஒரு இடம் வந்து, விசாரித்துவிட்டு “ஒத்துவராது” என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் கேட்கவில்லை.

ஆனால் மகனிடம் சொல்வதா என்பதில் நான் மாறவில்லை. அவனுக்கு அந்த எடை வேண்டாம். நீங்கள் மூவரும் என்ன சொன்னாலும் அதில் நான் நிற்கிறேன்.

ஏழாம்மாடி (செவ்வாய், இரவு 9.10)

அண்ணே, அதில் நான் உங்களோடு உடன்படவில்லை. அவன் சுமக்காவிட்டால் எடை இல்லாமல் போகாது, நம் வீடுகளுக்குச் சம்பந்தம் பேச வந்து திரும்பிப் போகிறவர்கள் தலையில் அது ஏறும். அக்கா மகனுக்கு “ஒத்துவராத” அந்தப் பெண்ணுக்கும் காரணம் தெரிந்திருக்கும்.

இன்று மதியம் தோழிக்குப் போன் செய்தேன். “என்ன ஆளுங்கன்னு நீ கேட்டது எனக்குச் சங்கடமா இருந்துச்சு” என்று சொன்னேன். “அம்மா கேக்கச் சொன்னாங்கடி” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. வைத்துவிட்டாள். இருபது வருடப் பழக்கம். திரும்ப அழைப்பாள் என்று நினைக்கிறேன்.

சாரக்கட்டு தம்பி, நீங்கள் விரும்பினால் மட்டும் சொல்லுங்கள். அவரோடு இப்போது பேச்சு உண்டா?

சாரக்கட்டு (செவ்வாய், இரவு 11.20)

உண்டுக்கா. கல்யாணத்துக்கு அப்புறம் மூணு மாசம் பேசல. அவனே போன் பண்ணான். கல்யாணத்தைப் பத்தி ரெண்டு பேரும் வாயத் தொறக்கல, வேலையப் பத்தித்தான் பேசுனோம்.

அவனுக்கு இடையில பெர்மிட் முடிஞ்சு ஊர்ல இருந்தான். இப்ப ஐபிஏ, அதான் வேலை பெர்மிட்டுக்கு முன் ஒப்புதல், வந்துருச்சு, அடுத்த மாசம் வர்றான். எங்க கம்பெனிதான். சூப்பர்வைசர் கேட்டாரு, ஒங்க ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்கே, ஒன் கூட்டாளியப் போடவான்னு. போடுங்கன்னு சொல்லிட்டேன்.

வர்ற அன்னிக்குச் சனிக்கிழமை. கொழம்பு வெப்பேன். தட்டு ரெண்டு எடுத்து வெச்சு, அந்தப் பேப்பர் கப்பப் பத்திக் கேக்கணும்னு இருக்கேன்.