மாமியார் வீட்டு ஜப்பானியத் துப்பாக்கி: எந்த மாடல், என்ன விலை பெறும்?

மருமகன்_விஸ்கான்சின்:
வணக்கம் நண்பர்களே. என் மனைவியின் தாத்தா இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் 32ஆவது டிவிஷனில் இருந்தவர், பிலிப்பைன்ஸில் லூசோன் சண்டையில் எதிரியிடமிருந்து பிடுங்கி வந்தது என்று ஒரு ஜப்பானியத் துப்பாக்கி மாமியார் வீட்டு நிலவறையில் கிடக்கிறது. வீட்டை விற்கப் போகிறார்கள், அதனால் இதை என்ன செய்வது என்று பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்திருக்கிறது. நீளம் 44 அங்குலம். ரிசீவர் (குழலுக்குப் பின்னால், போல்ட் ஓடும் இரும்புப் பகுதி) மேல் செங்குத்தாக மூன்று எழுத்துகள், முதல் இரண்டும் ஒரே எழுத்து. அதற்கு மேலே ஏதோ முத்திரை இருந்து அரத்தால் ராவியிருக்கிறார்கள், சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் நாலைந்து இதழ் நுனி தெரிகிறது. இடப்பக்கம் வட்டத்துக்குள் ஒரு எழுத்து, கூட்டல் குறி மாதிரி, ஆனால் கீழ்க்கால் இடது பக்கம் வளைகிறது, பிறகு எண், எண்ணை அடுத்து குண்டுகளை அடுக்கினாற்போல நாலு வட்டம். பக்கத்து ஊர் அடகுக்கடையில் காட்டினேன், அடிக்கட்டை பிளந்து ஒட்டியிருக்கிறது, நூறு டாலர் தருகிறேன் என்றார்கள். கட்டையில் நீளவாக்கில் ஒரு கோடு இருப்பது உண்மைதான். கொடுத்துவிடலாமா?

பழைய_இரும்பு:
கொடுக்காதீர்கள்! முதலில் போல்டை (கைப்பிடியோடு முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தண்டு) திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தக் கோடு பிளவே இல்லை. அரிசாகா என்ற இந்த ஜப்பானிய ராணுவத் துப்பாக்கிகளின் அடிக்கட்டையைத் தொழிற்சாலையிலேயே இரண்டு துண்டாகச் செய்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்துத்தான் ஒட்டினார்கள். எண்பது வருடத்தில் மரம் காய்ந்து கோடு பளிச்சென்று தெரியும். இது தெரியாமல் எத்தனையோ பேர் நல்ல துப்பாக்கியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்திருக்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

உங்களுடையது 99ஆம் வகை, 7.7 மில்லிமீட்டர். ஒரே மாதிரி இரண்டு எழுத்து என்றீர்களே, அது ஒன்பது, ஒன்பது. ஜப்பானியர் கணக்கில் 2599ஆம் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், நமக்கு 1939. இதற்கு முந்தைய 38ஆம் வகை என்றால் எழுத்து வேறு, நீளமும் 50 அங்குலம் வரும். வட்டத்துக்குள் இருப்பது ‘நா’ என்ற எழுத்து, நாலு குண்டு கொக்குரா ஆயுத ஆலையின் முத்திரை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கொக்குராவில் செய்த 99களில் இரண்டாம் தொகுதி, அதாவது வேலைப்பாடு நன்றாக இருந்த காலம். போர் முடியும் தறுவாயில் செய்தவை கரடுமுரடாக இருக்கும், தோளில் பதியும் அடித்தட்டு கூட ஆணி அடித்த மரத்துண்டுதான். அதே ஆலையைக் குறிவைத்துத்தான் 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டோடு விமானம் போனது. மேகமும் புகையும் மறைத்ததால் நாகசாகிக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த நாலு வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்துவிடும்.

இனி விலை. போல்டில் மூன்று இலக்கம் பொறித்திருக்கும், துப்பாக்கி எண்ணின் கடைசி மூன்றோடு பொருந்துகிறதா பாருங்கள். குறிபார்க்கும் பின் சைட்டில் இருபுறமும் மடங்கும் சிறு கைகள் உண்டா (விமானத்தைக் குறிபார்க்க வைத்தது)? குழலுக்கு அடியில் ஊன்றிக்கொள்ளும் கம்பிக்கால், போல்டுக்கு மேல் தகட்டு மூடி? உங்களுடையதுபோல் மேலே உள்ள பூ முத்திரை ராவியதில், எண்கள் பொருந்தியதை நான் போகும் கண்காட்சிகளில் 350 முதல் 450 டாலர் வரை கொடுத்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். 16 இதழும் முழுசாக இருந்தால் இன்னும் மேலே போகும்.

செல்வி_ஓஹையோ:
ஒரு விஷயம், வருத்தப்பட வேண்டாம். அந்த 16 இதழ்ச் செவ்வந்தி பேரரசரின் சின்னம். சரணடைந்து ஆயுதங்களை ஒப்படைக்கும்போதுதான் அதைப் பெரும்பாலும் ராவினார்கள். சண்டைக்களத்தில் கைப்பற்றியதில் பூ பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். 32ஆவது டிவிஷன் லூசோனில் சண்டை போட்டது நிஜம், ஆனால் 1945 அக்டோபரில் ஜப்பானின் சசேபோவுக்குப் போய் இறங்கியதும் அவர்கள்தான். தாத்தாவுக்கு அங்கே கிடைத்ததாக இருக்கலாம். வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா? கொண்டுபோக அனுமதித்து அதிகாரி கையெழுத்திட்ட சீட்டு இருந்தால், சேகரிப்பவர்கள் அதற்கென்றே கூடுதலாகக் கொடுப்பார்கள்.

அப்புறம், துருவைத் தேய்க்கவோ கட்டைக்கு வார்னிஷ் பூசவோ யாரையும் விடாதீர்கள். சுட்டுப் பார்ப்பதும் வேண்டாம். போருக்குப் பிறகு இங்கே பல துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறையை வேறு தோட்டாவுக்காகக் கடைந்து மாற்றியிருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மருமகன்_விஸ்கான்சின்:
இருவருக்கும் மிக்க நன்றி. போல்டில் எண் பொருந்துகிறது. சைட்டில் கைகள் இரண்டும் இருக்கின்றன. கம்பிக்கால் இல்லை, அதை மாட்டும் காது மட்டும் இருக்கிறது. தகட்டு மூடியும் இல்லை. தாத்தாவின் பைபிளுக்குள் நாலாக மடித்த ஒரு சீட்டு கிடைத்தது, 1945 டிசம்பர் தேதி, துப்பாக்கி எண், கீழே ஒரு கேப்டன் கையெழுத்து. அத்தை அதை மூன்று தடவை படித்தார். ‘அப்பா லூசோனைப் பற்றி எங்களிடம் வாயே திறந்ததில்லை, பிடுங்கி வந்தது என்பது நாங்களாகச் சொல்லிக்கொண்டதுதான்’ என்றார். இப்போது விற்க மனமில்லை என்கிறார். சீட்டின் மடிப்பு கிழிகிற நிலையில் இருக்கிறது, லேமினேட் செய்துவிடட்டுமா?

செல்வி_ஓஹையோ:
ஐயோ, லேமினேட் வேண்டாம், செல்லோடேப்பும் வேண்டாம். விரித்து, அமிலமில்லாத காகித உறைக்குள் வெளிச்சம் படாமல் வையுங்கள். அதற்கு முன் ஒரு நல்ல ஸ்கேன் எடுத்து அத்தைக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.